கல்வீட்டுக்கு ஓர் ஒப்பம்

முள்ளியவளை,
12.01.2023

அன்பின் தம்பி குகதாசனுக்கு அக்கா எழுதிக்கொள்வது,

நானும் தேனுகாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் தயாளினியும் பிள்ளைகளும் அந்தப் பனிக்குள் எப்படி? சின்னவனுக்கு இழுப்பு இருந்ததே, குறைந்துவிட்டதா?

இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டி எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சண்டையில் செல் குண்டு விழுந்து காது போன நாளிலிருந்து தொலைபேசி எனக்குச் சும்மா மின்னுகிற பெட்டி. எழுத்தில் அனுப்பினாலும் அது தேனுகாவின் கையில்தான் முதலில் விழும். அக்காவும் தம்பியும் கதைப்பதைப் பிள்ளை வாசிக்க வேண்டாம்.

விசயத்துக்கு வருகிறேன். கல்வீட்டைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. நீராவிப்பிட்டி கச்சு முகம்மதுவின் மகன் முன்ஸிர். வெளியே தேனுகா கட்டிவிட்ட 'விற்பனைக்கு' பலகையை வெயில் தின்னத் தொடங்கிய பிறகு வந்த முதல் ஒழுங்கான ஆள் இவர்தான். இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் படம் பிடிக்க வந்தவர்கள். குளம் கட்டவந்த வெள்ளைக்கார எஞ்சினியர் தனக்கென்று கட்டிய வீடு, கருங்கல்லை எப்படிப் பொழிந்திருக்கிறான் பாருங்கள், ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களுக்கென்ன, பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்குகிற சுவருக்குள் படுப்பது நான். ஓடு முழுக்கச் செல்லடியில் போனது. பிறகு வந்து இருந்தவர்கள் போகும்போது கதவுகளும் போயின. சுவர் மட்டும் அசையவில்லை. எனக்கு இந்த வீட்டில் ஒரு பற்றும் இல்லை. தேனுகா படிக்கிற வவுனியாவில் ஒரு சின்ன வீடு போதும்.

முன்ஸிர் மனைவி மஸீனாவோடு வந்தார். கதிரையைக் காட்டினேன். இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கட வாப்பா இந்த வாசலுக்கு மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊத்தினவர். ஒருநாளும் உள்ளுக்கு இருக்கச் சொல்லல்ல. நான் இதுக்குள்ள இருக்கோணும் எண்டுதான் வாங்கப்போறன்." நல்ல நியாயம். அப்பப்பா அப்புத்துரை கேட்டிருந்தால் தெரியும்.

சிக்கல் வேறு. வீட்டுப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு நடராசா கத்திச் சொன்னதை வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். எனக்கு இப்போது காது வேலையையும் கண்தான் செய்கிறது. "தங்கச்சி, உங்கட சீதன வீடுதான். எண்டாலும் தேசவழமைச் சட்டப்படி புருசன் ஒப்பம் வைக்காமல் விக்கேலாது. ஒண்டில் பிரதாபன் வரவேணும். இல்லாட்டி மரணச்சான்றிதழ் வேணும். வழக்குப் போட்டும் செய்யலாம், ஆனா முன்ஸிர் அவ்வளவு காலம் நிக்கமாட்டார்."

கடைசிச் சண்டையில் சனத்துக்குள் தவறிப்போன உன் அத்தானை முகாமில் பிரித்துக் கொண்டுபோனதாக ஆளுக்காள் சொன்ன நாளிலிருந்து அவர் உயிரோடும் இல்லை, சாவோடும் இல்லை. நான் என்ன செய்ய? நீ என்ன சொல்கிறாயோ அதன்படி நடப்பேன்.

தயாளினியின் தங்கை சுதாஜினி சுகமா? அங்கேயே கல்யாணம் செய்து ஒரு பையனும் இருப்பதாகக் கேள்வி. மாப்பிள்ளைக்கும் என் விசாரிப்பைச் சொல்லு.

இப்படிக்கு
உன் அக்கா
இராசேஸ்வரி

---

பேர்ண், சுவிஸ்
18.02.2023

எனக்குத் தாய்க்குத் தாயான அக்காவுக்கு,

எல்லாம் வல்ல முருகன் அருளால் நாங்கள் அனைவரும் நலம். சின்னவனுக்கு இழுப்பு இப்போது இல்லை. உன் உடம்பைக் கவனித்துக்கொள். மாதாமாதம் அனுப்பும் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போகும் ரயிலில் கண் கலங்கிவிட்டேன். அக்கா, எத்தனை வருடம் இப்படி இருப்பாய்? ஒரு நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. காணாமற்போனவர்களைத் தேடுகிற பெண்களோடு வீதியோரக் கொட்டகையில் அத்தானின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாய். அத்தான் இருந்தால் இதைப் பொறுப்பாரா? தம்பி என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தச் சான்றிதழை எடு. அது வெறும் கடதாசி. அதை எடுத்தால் அவரைக் கொன்றதாக ஆகாது. வீட்டை விற்று நீயும் பிள்ளையும் நிம்மதியாக இருங்கள். எனக்கு அதில் ஒரு சதமும் வேண்டாம், அது உன் சீதனம்.

முன்ஸிரைக் கைவிட்டுவிடாதே. அந்தக் கல்லுக்கு இனி ஆள் வராது.

உன் சுகத்தையே வேண்டும்
தம்பி
குகன்

---

முள்ளியவளை,
25.03.2023

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாத்திரை போடுகிறேன். உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய். சுதாஜினி வீட்டைப்பற்றி மறந்துவிட்டாய்போல.

நீ வெறும் கடதாசி என்கிறாய். கடதாசிதான். ஆனால் அதை வாங்கினால் தாலிக்கொடியைக் கழற்ற வேண்டும். அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும். கொட்டகையில் கூட இருக்கிற பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சான்றிதழ் எடுத்தவளுக்கு என்ன பெயர் தெரியுமா? ஆளைத் தேடுவதை விட்டவள் இல்லை, ஆளை விற்றவள். பிள்ளைகளை இழந்தவர்கள், மாப்பிள்ளையை இழந்தவர்கள், ஒருத்திக்கும் ஒருத்தியும் சொந்தமில்லை. ஆனாலும் எனக்குத் தேநீரில் சீனி எவ்வளவு என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை விட்டு வருவது இந்த வீட்டை விட்டு வருவதைவிடக் கஷ்டம்.

ஒருவர் கண்டிருக்க வேண்டும், தம்பி. ஒரே ஒருவர், 'நான் பிரதாபனைக் கண்டேன், இந்த இடத்தில், இப்படி' என்று சொல்லட்டும். உயிரோடு கண்டிருந்தாலும் சரி, செத்துக் கண்டிருந்தாலும் சரி. அதை என்னிடம் சொன்னால் அடுத்தநாளே நான் நடக்க வேண்டியபடி நடப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவர்மீதும் கோபிக்கமாட்டேன். அங்கே எத்தனையோ பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள், விசாரித்துப் பார்.

மருமகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டு அல்பத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். நல்ல வடிவாக இருக்கிறாள், நாவூறு பட்டிருக்கும். எல்லோரும் நிற்கிறீர்கள். சுதாஜினியின் கணவர் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. வெட்கக்காரரோ? எந்த ஊர் ஆள்?

இப்படிக்கு
அக்கா

---

பேர்ண்,
09.06.2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். எனக்கு முதுகு நோ. மற்றவர்கள் சுகம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கிறோம்.

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் போனது. நீ கேட்டபடி விசாரித்தேன். சின்னராசா என்று ஒருவர், முன்பு புதுக்குடியிருப்பில் இருந்தவர், இங்கே கோயிலுக்கு வருவார். அத்தானின் படத்தைக் காட்டினேன். மனிதன் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொள். வட்டுவாகல் பக்கம், கடைசி நாள்களில். முகாமில் கண்டதாக உனக்குச் சொன்னவர்கள் வேறு யாரையோ கண்டிருக்கிறார்கள். அத்தானுக்கு வயிற்றில் காயம். தண்ணீர் கேட்டாராம். சின்னராசா போத்தல் மூடியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். உன் பெயரைச் சொன்னாராம். நீண்ட நேரம் கஷ்டப்படவில்லை. ஒரு பனை வடலிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டுபேரோடு சேர்த்து மூடினார்களாம். கண்ணை மூடிவிட்டது தான்தான் என்று சின்னராசா சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

இனி உனக்குச் சந்தேகம் வேண்டாம். உன் தம்பி இருக்கிறேன்.

சுதாஜினியின் கணவர் பெயர் சுகிர்தன். நெடுந்தீவு ஆள். நமக்குப் பெரிய பழக்கமில்லை.

கண்ணீருடன்
குகன்

---

முள்ளியவளை,
01.07.2023

அன்பின் தம்பிக்கு,

உன் முதுகு நோ எப்படி? பாரம் தூக்காதே. தாங்க முடியாத பாரத்தைத் தூக்கினால் அப்படித்தான்.

கடிதம் கிடைத்தது. அன்று சமைக்கவில்லை. தேனுகாவிடம் சொன்னேன். அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்குவதைத்தான் பார்த்தேன். ஆறு வயதில் கடைசியாகத் தகப்பனின் தோளில் இருந்தவள்.

நீ நேரில் விசாரித்து எழுதியபடியால் நம்புகிறேன். என் தம்பி இந்த விசயத்தில் பொய் சொல்வானா? கடவுள் பொறுப்பாரா?

இன்னும் கொஞ்சம் கேட்டு எழுது. என்ன சேட்டு போட்டிருந்தார்? என் பெயரை எப்படிச் சொன்னார், முழுப்பெயரா, தான் மட்டும் கூப்பிடுகிற பெயரா? பிள்ளைக்கு ஏதும் சொன்னாரா? நடராசா ஒரு சத்தியக்கடதாசியும் கேட்கிறார். "கண்ட ஆள் ஒப்பம் வைச்சு அனுப்பினால் நல்லது, இன்னொருத்தரும் சாட்சிக்கு வைக்கட்டும்" என்கிறார். சின்னராசாவுக்கு மனச்சாட்சி இடம் கொடுக்காவிட்டால் விட்டுவிடு. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் காத்திருந்து பழகியவள்.

சின்னராசா குடும்பத்துக்கும் சுகிர்தன் குடும்பத்துக்கும் என் சுகவிசாரிப்பு.

இப்படிக்கு
அக்கா

---

பேர்ண்,
30.07.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

சத்தியக்கடதாசி இத்துடன் இருக்கிறது. சின்னராசா ஒப்பம் வைத்திருக்கிறார். இன்னொரு சாட்சியாக நானே வைத்திருக்கிறேன். என் அக்காவுக்காக நான் வைக்காமல் வேறு யார் வைப்பது?

நீல நிறச் சேட்டாம். 'இராசி' என்றுதான் சொன்னாராம். பிள்ளையைப் படிப்பிக்கச் சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

நொத்தாரிசிடம் உடனே கொடு. முன்ஸிரைக் காக்கவைக்காதே. அக்கா, இந்தக் காலத்தில் வெள்ளை உடுக்கத் தேவையில்லை. பொட்டும் வைக்கலாம். யார் என்ன சொன்னாலும் நான் உன் பக்கம்.

அன்புடன்
குகன்

---

முள்ளியவளை,
20.10.2023

அன்பின் தம்பிக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நீ நினைத்ததுபோலவே சுகமாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய சத்தியக்கடதாசியைப் பார்த்ததும் அரசாங்கக் கச்சேரியில் ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. சான்றிதழ் வந்த கிழமையே முன்ஸிருக்கு வீட்டு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மஸீனா அன்றைக்கே வந்து குசினியைக் கழுவத் தொடங்கிவிட்டாள். வவுனியாவில் வைரவபுளியங்குளத்தில் வீடு பார்த்தாயிற்று. இந்த மாதக் கடைசியில் போகிறோம்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் அந்தியேட்டி செய்தோம். ஆண்பிள்ளை இல்லாதபடியால் தேனுகா எள்ளும் தண்ணீரும் இறைத்தாள். பிறகு நான் கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். ஒருத்தி எழும்பி என் கதிரையை மடித்துச் சுவரோடு சாத்தினாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "வீட்டுக்காக மனிசனைச் சாக்காட்டிப்போட்டாள்." எனக்குக் காது கேட்காது என்ற துணிவில் அவள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. வாயைப் பார்த்து முழுவதும் வாசித்தேன். அவள் சொன்னது உண்மைதானே. அவளோடு கோபமில்லை.

மரண அறிவித்தல் போடாமல் ஒருவரைக் காலமாக்கினால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். முல்லைத்தீவில் கொமினிகேசன் கடையில் கொடுத்து, வெளிநாட்டுச் சனம் பார்க்கிற இணையத்தளத்தில் படத்தோடு போடுவித்தேன். கடைக்காரர், "அக்கா, இந்த வதிவிடம் பிழையெல்லோ" என்று கேட்டார். எழுதினபடி போடச் சொன்னேன். நீ பார்த்திருப்பாய். பார்க்காவிட்டால் இதோ:

'முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் பேர்ணை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா பிரதாபன் (சுகிர்தன்) அவர்கள் 2009 வைகாசியில் வட்டுவாகலில் காலமானார். அன்னார் முள்ளியவளை இராசேஸ்வரி, பேர்ண் சுதாஜினி ஆகியோரின் அன்புக் கணவரும், தேனுகாவினதும் பேர்ணில் படிக்கும் மகனதும் பாசமிகு தந்தையும், குகதாசனின் மைத்துனரும் சகலனும் ஆவார். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மனைவி.'

சகலன் என்பதைத் தடித்த எழுத்தில் போடலாமா என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

தயாளினிக்கு என் அன்பு.

இப்படிக்கு
அக்கா

---

பேர்ண்,
02.11.2023

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்த அன்றே அந்த அறிவித்தலை எடுப்பி. உன் காலில் விழுகிறேன்.

இங்கே வீடு வீடாக இல்லை. கோயிலில் எல்லோர் கையிலும் அந்தப் படம். தயாளினியும் சுதாஜினியும் அத்தானை முன்பு கண்டதில்லை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அக்கா. நெடுந்தீவுச் சிநேகிதன் என்று சொல்லித்தான் நான் அவரை வீட்டுக்குள் எடுத்தேன். சுதாஜினி அவருடைய உடுப்பை மாடியிலிருந்து வீதியில் எறிந்தாள். பையன் பள்ளிக்கூடம் போகிறான் இல்லை. தயாளினி பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். யாரோ அறிவித்தலை மொழிபெயர்த்து இங்குள்ள அதிகாரிகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். தன் மனைவியும் பிள்ளையும் செல்லடியில் செத்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் அவர் வேறு பெயரில் இங்கே இருக்க அனுமதி எடுத்தவர்.

அவர் முகாமிலிருந்து எப்படியோ வெளியேறி, இந்தியா போய், இங்கே வந்து என் வாசலில் நின்றார். காலைப் பிடித்து அழுதார். உனக்குச் சொன்னால் ஊரெல்லாம் தெரிந்து அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கொஞ்சம் பொறு என்றார். பொறுத்தேன். அதற்குள் சுதாஜினி விசயம். தடுக்கத்தான் நினைத்தேன். தடுப்பதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உனக்கு நிம்மதி வரட்டும் என்றுதான் அந்தச் சின்னராசா கதையைச் சொன்னேன். சத்தியமாக உனக்காகத்தான்.

உனக்கு எப்போது தெரியும்? தெரிந்துகொண்டா என்னை எழுதவைத்தாய்?

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அந்தச் சான்றிதழ் பொய் என்று நான் ஒரு வரி எழுதினால் முன்ஸிரின் உறுதி கிழிந்துவிடும். என்னை அந்த நிலைக்குத் தள்ளாதே.

குகன்

---

வவுனியா,
15.11.2023

அன்பின் தம்பிக்கு,

சுகமா என்று கேட்கிறேன், வழக்கத்துக்காக இல்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறேன். நித்திரை வருகிறதா? எனக்கு வந்ததில்லை.

எப்போது தெரியும் என்று கேட்டாய். நீ எனக்கு அனுப்பிய அல்பத்தில் அவர் இல்லாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டாய். ஆனால் வீடியோக்காரன் தன் விளம்பரத்துக்காகச் சாமத்தியவீட்டு வீடியோவை முழுவதும் இணையத்தில் போட்டுவிட்டான். போன வருடம் மார்கழியில் தேனுகா ஆசையோடு எனக்குப் போட்டுக் காட்டினாள். அவளுக்குத் தகப்பனின் முகம் பழைய படத்தில் உள்ளது மட்டும்தான், நேரில் கண்ட நினைவில்லை. எனக்கு இருக்கிறது. எல்லோரும் பாட்டைக் கேட்டுக்கொண்டு மருமகளைப் பார்ப்பார்கள். எனக்குப் பாட்டு இல்லை, ஆகவே பின்னால் நிற்பவர்களைப் பார்ப்பேன். அவர் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு உன்னிடம் சொன்னார்: "மச்சான், கமராவை அங்கால திருப்பச் சொல்லு." நீ சொன்னாய்: "பயப்பிடாத. அக்காவுக்கு அல்பம் மட்டுந்தான் அனுப்புவன்." திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உங்கள் இரண்டுபேரின் வாயும் அவ்வளவு தெளிவு.

அதற்குப் பிறகும் நான் கொட்டகைக்குப் போனேன். அவர் படத்தை மடியில் வைத்திருந்தேன். எழும்பிப் போனால் ஏன் என்று சொல்ல வேண்டும். உண்மையாகக் காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாருக்கு நடுவில், சுவிசில் தொந்தி வைத்திருக்கிற ஒருவனுக்காக நான் அழுதுகொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கத்தில் செத்தேன்.

நீ கடைசிவரை சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் சுதாஜினி வீட்டை விசாரித்தேனே, அது உனக்காகத் திறந்துவிட்ட கதவு. 'அக்கா, அத்தான் இங்கே இருக்கிறார்' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். ஒரு ஒப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு அவரை அந்தப் பெண்ணோடும் பிள்ளையோடும் இருக்கவிட்டிருப்பேன். ஆளை நினைத்து இல்லை, அலுப்பில். நீ என்ன செய்தாய்? அவருக்கு நீலச் சேட்டுப் போட்டுவிட்டு, போத்தல் மூடியில் தண்ணீர் கொடுத்து, 'இராசி' என்று சொல்லவைத்துச் சாகக்காட்டினாய். அவர் மட்டும் கூப்பிடுகிற அந்தப் பெயரை அவர்தானே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்? இரண்டுபேரும் சேர்ந்திருந்து யோசித்தீர்களா? தேநீர் குடித்துக்கொண்டா?

சுதாஜினிக்கு ஒன்றும் தெரியாது என்கிறாய். எனக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்காக மனம் வருந்துகிறது. வருந்திக்கொண்டுதான் அறிவித்தலைக் கொடுத்தேன்.

சான்றிதழ் பொய் என்று எழுதுவாயானால் எழுது. சத்தியக்கடதாசியில் என் ஒப்பம் இல்லை. உன்னுடையது இருக்கிறது.

தேனுகா என்னோடு கதைப்பதில்லை. "அப்பா இருக்கிறார் எண்டு தெரிஞ்சும் என்னைக்கொண்டு எள்ளுந் தண்ணியும் இறைப்பிச்சனீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. நான் பார்த்து வாசிக்க இப்போது வீட்டில் ஒன்றுமில்லை.

அக்கா

---

பேர்ண்,
05.01.2024

என் அன்பு இராசிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று குகன் மூலம் அறிந்தேன். என் சுகத்தை எழுத ஒன்றுமில்லை. தெரிந்த ஒருவரின் கடைக்குப் பின்னால் சாமான் அறையில் படுக்கிறேன்.

முகாமில் நீங்கள் இருவரும் செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் பக்கத்து வலயத்தில் இருந்தது எனக்குத் தெரியும். காசு கொடுத்து வெளியே வர ஆள் பிடித்தபோது ஒருவருக்குத்தான் வழி இருந்தது. நான் போனேன். போய்க் கூப்பிடலாம் என்றுதான் போனேன்.

இங்கே சுகிர்தன் என்பது பொய்ப்பெயர் என்று அனுமதியைப் பறித்துவிட்டார்கள். பிரதாபன் என்று சொல்லிப் போனால் நம் ஊர்ப் பதிவில் அந்த ஆள் செத்துவிட்டான் என்கிறார்கள். இராசி, நான் உயிரோடு இருக்கிறேன், உன் கணவன் நான்தான் என்று நீ ஒரு கடிதம் ஒப்பமிட்டுத் தந்தால் போதும். ஊருக்கே வந்துவிடுகிறேன். எனக்கும் வயது போய்விட்டது. இனி நாம் மூன்றுபேரும் ஒன்றாக இருக்கலாம். தேனுகாவோடு தொலைபேசியில் கதைத்தேன். 'வாங்கோ அப்பா' என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் உயிர் நிற்கிறது.

கல்வீட்டைப்பற்றிக் கவலைப்படாதே. என் ஒப்பம் இல்லாத உறுதி செல்லாது என்று இங்கே விசயம் தெரிந்த ஒருவர் சொன்னார். நான் வந்தால் முன்ஸிரை எழுப்பிவிட்டு வீட்டைத் திருப்பி எடுக்கலாம். முன்னறையைத் திருத்தினால் நமக்குப் போதும்.

எப்போதும் உன்
பிரதாபன்

---

வவுனியா,
02.02.2024

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. அறியாதவர்களோடு கடிதத் தொடர்பு எனக்கில்லை. ஆனாலும் தாங்கள் கஷ்டத்தில் இருப்பதாகத் தெரிவதால் ஒரு பதில் எழுதுகிறேன்.

என் கணவர் பிரதாபன் வட்டுவாகலில் இறந்துபோனார். பார்த்தவர் இருக்கிறார். என் சொந்தத் தம்பி அதற்குச் சாட்சி வைத்திருக்கிறான். என் கணவர் சாகும்போது என் பெயரைச் சொன்னார். பிள்ளையைப் படிப்பிக்கச் சொன்னார். எங்களை விட்டுவிட்டுத் தனியாக ஓடவில்லை. அவ்வளவு நல்லபடியாகச் செத்த ஒரு மனிதனை, அவர் நான்தான் என்று கேட்டு வருகிற யாருக்கும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தேனுகா தங்களோடு கதைத்ததாக எழுதியிருந்தீர்கள். தகப்பனுக்குத் தன் கையால் எள்ளும் தண்ணீரும் இறைத்த பிள்ளை அவள். நேற்று உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கனநாளைக்குப் பிறகு என் முகத்துக்கு நேரே நின்று, எனக்கு விளங்கும்படி மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, நாங்கள் பக்கத்தில இருந்தது அவருக்குத் தெரியுமாம், என்ன?" ஓம் என்றேன். இனி தாங்கள் அவளுக்கு எடுத்தால் அவள் எடுக்கமாட்டாள்.

கல்வீட்டில் முன்ஸிரும் மஸீனாவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் வர நேர்ந்தால் அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம். உங்களை அங்கே தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. கொட்டகைப் பெண்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், அவர்கள் ஒருவேளை அடையாளம் காண்பார்கள். அவர்கள் கையில் அகப்பட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் தங்களுக்குச் செய்யக்கூடிய உதவி.

தாங்கள் கேட்ட கடிதத்தை நான் தரமாட்டேன்.

இப்படிக்கு
காலஞ்சென்ற பிரதாபனின் மனைவி
இராசேஸ்வரி